டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார்?

சென்னை கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே வருகிறவர்களுக்கு மருத்துவமனைப் பலகைகள் புதிதல்ல. வானகரத்திலேயே அப்போலோவின் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. இன்னும் சற்று மேற்கே போனால் வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும். தெற்கே போரூரில் ராமச்சந்திரா. இருதய அறுவைக்கும் மூட்டு மாற்றுக்கும் இந்தப் பக்கத்து மக்கள் பட்டணத்துக்குள் போயாக வேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது.

ஆனால் சாயங்காலம் ஏழரை மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. அப்பாவுக்கு மூன்று நாளாகத் தலைசுற்றல். அம்மாவின் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அப்போது தெருவில் எழும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார்?" பதில்களும் எல்லோருக்கும் மனப்பாடம். "காலையில சீக்கிரம் போனா ஓ.பி. சீட்டு கிடைக்கும்." "அந்த கிளினிக்ல டாக்டர் எட்டு மணிக்கு மேலதான் வருவாரு, முப்பது டோக்கனோட நிறுத்திடுவாங்க." "இந்நேரத்துக்கு யாரும் இருக்க மாட்டாங்க, மெடிக்கல்ல சொல்லி வாங்கிக்கோ."

எத்தனை படுக்கை, எத்தனை ஸ்கேன் கருவி, எத்தனை பேருக்குக் காப்பீடு என்று நம்மிடம் கணக்கு இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நம்மை அறிந்த ஒரு மருத்துவர், நமக்குத் தோதான நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, சொல்வதை முழுக்கக் கேட்கிறாரா என்பதற்குக் கணக்கு இல்லை. நம் ஊரில் யாரும் நோயாளியிடம் கேட்பதில்லை என்பதே காரணம். வானகரம் போன்ற ஊருக்கு இன்று இன்னொரு பெரிய மருத்துவமனையைவிட இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலை ஊரறிய வெளியிடுகிற ஒரு ஏற்பாடுதான் அவசரம் என்று நான் கருதுகிறேன்.

வானகரத்தின் நிலைமை விநோதமானது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மதுரவாயலும் அம்பத்தூரும் போரூரும் வளசரவாக்கமும் அதற்குள் போயின. வானகரம் போகவில்லை. அது இன்னும் திருவள்ளூர் மாவட்டம் வில்லிவாக்கம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. கிழக்கே மாநகராட்சி வார்டு, மேற்கே திருவேற்காடு நகராட்சி, நடுவில் சட்டப்படி ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் அடுக்குமாடி வீடுகள், புறவழிச்சாலைச் சந்திப்பு, கிடங்குகள், கல்யாண மண்டபங்கள், ஞாயிறு காலையில் நெரிசலில் திணறும் மீன் மார்க்கெட், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து பத்துப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள்.

இந்த எல்லைக்கோடு நோயாளியைத் தொடாது என்றுதான் முதலில் தோன்றும். ஓ.பி. சீட்டுக்கு எல்லை கிடையாது. யாரும் எந்த அரசு மருத்துவமனைக்கும் போகலாம். ஆனால் வீடு தேடி வருகிற ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. கிராம சுகாதார செவிலியருக்கு இந்தத் தெருவரை, மாநகராட்சிப் பணியாளருக்கு அந்தத் தெருவிலிருந்து என்று பிரிவு இருக்கிறது. மதுரவாயலில் வாடகைக்கு இருந்த குடும்பம் ஒரு கிலோமீட்டர் தள்ளி வானகரத்துக்கு வீடு மாற்றினால் அதன் பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து விழுந்துவிடும். இன்னொரு பதிவேட்டில் தானாக ஏறாது. வாடகைக்காரர்களே மிகுந்த ஊரில் இப்படி விழுந்து போகிறவர்கள் கொஞ்சமல்ல.

இதைவிடப் பெரிய பாதிப்பு நேரத்தில் வருகிறது. 2023 ஜூன் 6ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தது; மொத்தம் 708 என்று திட்டம். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அந்த மாலை நான்கு மணி நேரம்தான் அந்தத் திட்டத்தின் உயிர். வேலைக்குப் போய் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அது மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வகுத்த திட்டம். கிராமம் என்ற கணக்கில் இருக்கும் வானகரத்துக்கு வகுக்கப்பட்டதோ கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலைய முறை. அங்கே மருத்துவர் பார்க்கும் புறநோயாளிப் பிரிவு அடிப்படையில் பகல் வேளை ஏற்பாடு. வயல் வேலையைக் கருத்தில் கொண்டு ஒரு காலத்தில் வகுத்த நேரமாக அது இருக்கலாம். இன்றைய வானகரத்தில் பகல் பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான்.

எண்ணிக்கையிலும் இதே கதை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், நகரமானால் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவில் வகுத்த விதி. எந்த 30,000 பேர்? நம் கையில் கடைசியாக இருக்கும் முழுக் கணக்கு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய் 2027க்கு அறிவிக்கப்பட்டது. 2011இல் காலி மனையாக இருந்த இடங்களில் இன்று நான்கு மாடி எழுந்திருக்கிறது. கணக்கில் இல்லாத மனிதருக்கு மருந்து ஒதுக்கீடும் இல்லை, மருத்துவர் பணியிடமும் இல்லை. வரிசையில் மட்டும் அவர் நிற்கிறார்.

வேலை நேரமும் மருத்துவர் நேரமும் முட்டிக்கொள்வதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தெளிவாகப் பார்க்கலாம். 1964இல் தொடங்கிய பேட்டை அது. அதைச் சுற்றி அயப்பாக்கம், அத்திப்பட்டு, வானகரம் என்று தொழிலாளர் குடியிருப்புகள் பரவின. அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காக அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி தரப்பில் 3.25 சதவீதமும் போகிறது; சேர்த்து மாதம் 600 ரூபாய். 21,000 ரூபாய் சம்பளம் வரை உள்ளவர்களுக்கு இது கட்டாயம். அவரும் அவர் குடும்பமும் இஎஸ்ஐ மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே தீராவிட்டால் அயனாவரம், கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனைகள். உடம்பு முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். ஏட்டில் பார்த்தால் இந்தியாவில் ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த ஏற்பாடு இது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மருந்தகம் என்று பெயர் குறித்துப் பதிந்துகொள்ளும் முறை, நம் நாட்டில் சாமானியருக்கு உள்ள மிகச் சில ஏற்பாடுகளில் ஒன்று.

அந்தத் தொழிலாளி முதல் ஷிஃப்ட்டுக்கு விடியற்காலையில் கிளம்புகிறார். மருந்தகத்துக்குக் காலையில் போனால் ஷிஃப்ட் போச்சு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவரானால் ஒரு நாள் வராதது சம்பள வெட்டோடு நிற்காது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பது வரை போகும். அதனால் அவர் என்ன செய்கிறார்? ஷிஃப்ட் முடிந்து வந்து, தெருமுனைக் கிளினிக்கில் இருநூறோ முந்நூறோ கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். மாதம் 600 ரூபாய் ஏற்கெனவே அவர் பெயரில் கட்டியாகிவிட்டது. வசதி இருந்தும் நேரம் இல்லாததால் ஒருவர் இரண்டு முறை பணம் கட்டுகிறார். சோம்பலாலோ அறியாமையாலோ அவர் அரசு ஏற்பாட்டை விட்டுப் போகவில்லை. தேசிய குடும்ப நல ஆய்வு, அரசு மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்களிடம் ஏன் என்று கேட்கும்போது, அருகில் இல்லை, நேரம் ஒத்துவரவில்லை, காத்திருப்பு அதிகம், கவனிப்பு சரியில்லை என்ற பதில்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது. நேரமும் ஒரு காரணம் என்று அரசுக்கே தெரியும்.

மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறவருக்கு வேறு கடிகாரம். இரவில் வேலை, காலையில் தூக்கம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம்தான் ஓய்வு. ஒரே நேர அட்டவணை ஊர் முழுவதற்கும் பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை. அந்தத் தெருவில் நான்கு பேரிடம் கேட்டால் போதும்.

மருத்துவர் இல்லாத வேளையில் ஊரின் முதல் வாசல் மருந்துக் கடை. "காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் குடுங்க." மூன்று வேளைக்கு மாத்திரை ஒரு சின்னக் கவரில் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆன்டிபயாடிக் இருந்தால் ஒன்றரை நாளில் நிறுத்திவிடுவார், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கிய எச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சீட்டுக்கு விற்பதையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சரியானது. ஆனால் சாயங்காலம் ஏழரை மணிக்கு மருத்துவர் கிடைக்காத ஊரில் அந்தச் சட்டத்தைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. கடையில் நிற்பவர்களைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவரின் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

நேரம் ஒத்துவந்து உள்ளே போய்விட்டால்? அங்கே இன்னொரு நேரக் கணக்கு. 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சுவீடனில் சராசரி இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் நாக்கை நீட்டச் சொல்லலாம், நெஞ்சில் குழாய் வைக்கலாம், சீட்டு எழுதலாம். "டாக்டர், இன்னொண்ணு..." என்று தயங்கி ஆரம்பிக்கும் அந்த இன்னொன்றைக் கேட்க முடியாது. பெண்கள் பலரும் உண்மையான தொந்தரவைக் கடைசியாகத்தான் சொல்கிறார்கள். தலைவலி என்று வந்தவர், எழுந்து போகும்போதுதான் இரண்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்பார். தூக்கமில்லை என்று வந்தவர், வீட்டில் அடி வாங்குவதைச் சொல்வதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனுக்கு அந்த இரண்டு நிமிடமும் பாதிதான். மீதி மொழியில் கரைந்துவிடும்.

இதற்கு மருத்துவரை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம். அரசு நிலையத்தில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேர் வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்கு மேல் முகாம்கள், பள்ளி ஆய்வுகள், ஆய்வுக் கூட்டங்கள், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். ஒப்பந்த அடிப்படையில் வேலைக்கு வந்த இளம் மருத்துவர் முதுநிலைப் படிப்புக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டே நோயாளி பார்க்கிறார். இடம் கிடைத்ததும் போய்விடுகிறார். அவர் போவது அவர் உரிமை. ஆனால் ஒவ்வொரு முறையும் மருத்துவர் மாறும்போது நோயாளி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் சொல்வதையே விட்டுவிடுகிறார்.

தெரிந்த மருத்துவரே தொடர்ந்து பார்ப்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது என்பதோடு அதன் பயன் முடியவில்லை. நார்வேயில் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அங்கே ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைவு. இறப்பு 25 சதவீதம் குறைவு. பழகிய மருத்துவர் என்ற ஒன்றுதான் முழுக் காரணம் என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் எந்த மாத்திரையாவது இப்படி ஒரு முடிவைக் காட்டியிருந்தால் அதை வாங்க உலகமே வரிசையில் நின்றிருக்கும்.

நமக்கு நார்வே வரை போக வேண்டியதும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது ஆண்டுக்கு மேல் நோயாளி பார்த்த ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானபோது வடசென்னையே திரண்டு அழுதது. வியாசர்பாடியில் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில் மறைந்தார். இருவரையும் "அஞ்சு ரூபா டாக்டர்" என்றுதான் செய்திகள் சொல்லின. இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாயில் நின்றவர்கள். அந்த ஐந்து ரூபாயைப் பற்றியே பேசிப் பேசி, அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நாம் பேசாமல் விட்டோம். அவர்கள் அதே பேட்டையில், ஒரு தலைமுறைக் காலம் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய அப்பாவுக்கு என்ன நோய், எந்த வீட்டில் வருமானம் நின்றுபோயிற்று என்று கேட்காமலே தெரிந்திருந்தது. மக்கள் "கைராசி" என்று சொல்வதில் பெரும்பங்கு அந்தப் பழக்கம். அப்படிப்பட்ட மனிதர்கள் தற்செயலாகக் கிடைப்பார்கள் என்று காத்திருப்பது ஒரு சமூகத்தின் சுகாதாரக் கொள்கையாக இருக்க முடியாது.

ஆளை அறிந்து தொடர்ந்து பார்ப்பதை அரசு செய்ய முடியாதா? செய்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு. தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றால் அவள் பெயரும் கணவன் பெயரும் பதிவாகின்றன. அவளுக்கென்று ஓர் எண் வருகிறது. கிராம சுகாதார செவிலியருக்கு அவள் வீடு தெரியும். பரிசோதனைக்கு வரவில்லை என்றால் தேடி வருவார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியை அந்தப் பதிவோடு இணைத்திருக்கிறது. 2018-20ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. கட்டடத்தால் மட்டும் வந்த வேறுபாடு இல்லை இது. பெயர் தெரிந்திருந்தது, வராதபோது தேடினார்கள். பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தடுப்பூசிகள் போட்டு முடிந்த பிறகு அதே பெண் அதே நிலையத்துக்கு முதுகுவலியோடு போனால் வெறும் ஓ.பி. சீட்டு. அவள் கணவனின் ரத்த அழுத்தம் யாருடைய பொறுப்பிலும் இல்லை. மாமியாரின் முழங்கால் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் குறையை ஓரளவு அடைத்தது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே ஒரு தன்னார்வலர் வருகிறார். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சை. ஐ.நா. அமைப்பின் விருதையும் 2024இல் பெற்றது. இந்த யோசனைக்கு நம் ஊரிலேயே ஆழமான வேர் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், குடிசைகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் காசநோய் விடுதியில் சேர்த்துப் பார்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது: வீட்டுச் சிகிச்சையும் அதற்குச் சமமாகவே பலன் தந்தது. அந்த வெற்றிக்கு மருந்து மட்டும் காரணமில்லை. செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புறநகரில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு பகலில் பூட்டியிருக்கும். தன்னார்வலர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். இங்கேயும் மாலை நேரம்தான் விடை.

தனியார் கிளினிக்கை இந்தப் பேச்சிலிருந்து விட்டுவிட முடியாது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டில் மக்கள் சிகிச்சை பெற்ற நோய்களில் பத்தில் மூன்றுக்குத்தான் அரசு மருத்துவமனை. நான்குக்கு மேல் தனி மருத்துவர்களிடமும் கிளினிக்குகளிலும். வானகரத்தின் தெருமுனைக் கிளினிக்குகள்தான் உண்மையில் இந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையங்கள். அங்கே போகிறவருக்கு உள்ள உரிமைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். மருந்தின் பொதுப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இவை சலுகைகள் அல்ல, விதிகள். எத்தனை கிளினிக் சுவரில் கட்டணப் பலகை தொங்குகிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். பதிவு எண் இல்லாத சீட்டு கையில் வந்தால், கோபமில்லாமல், "டாக்டர், உங்க ரிஜிஸ்டர் நம்பர் போட்டுக் குடுங்க" என்று கேட்கலாம். நல்ல மருத்துவருக்கு அதில் வருத்தம் இருக்காது. போலி மருத்துவரை அடையாளம் காண்பதற்கு நம்மிடம் உள்ள எளிய வழியும் அதுதான்.

இனி, கேட்பதைப் பற்றி. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களைப் பற்றி 2007லிருந்து தொடர்ந்து மக்களிடமே கருத்துக் கேட்கிறார்கள். தொலைபேசியில் எளிதாகப் பிடிக்க முடிந்ததா, கேட்ட நேரம் கிடைத்ததா, உங்களுக்குப் போதுமான நேரம் ஒதுக்கினாரா, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாரா என்று கேள்விகள். ஒவ்வொரு மருத்துவர் நிலையத்தின் முடிவும் தனித்தனியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. அங்கே மட்டும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் முட்டி மோதும் கொடுமையைப் பற்றி அவர்களும் புலம்புகிறார்கள். ஆனால் எந்த ஊரில் எவ்வளவு மோசம் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் காட்டி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்க முடியும். நம் நாட்டிலும் 2016இல் மத்திய அரசு 'மேரா அஸ்பதால்' என்று நோயாளிகளின் கருத்தைக் கேட்கும் ஒரு வசதியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2007லிருந்து சில ஆண்டுகள், தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் இன்னும் துணிச்சலான முயற்சி ஒன்று நடந்தது. ஊர் மக்களே குழுவாக அமர்ந்து தங்கள் சுகாதார நிலையத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பெண் போட்டார்கள். செவிலியர் வந்தாரா, மருந்து இருந்ததா, பணம் கேட்டார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்பதற்கெல்லாம் நிறம். மகாராஷ்டிரம் அதை விடாமல் தொடர்ந்தது. நாம் விட்டுவிட்டோம். குழந்தைப் பேற்றில் நாட்டுக்கு முன்னோடியான ஒரு மாநிலம், மக்கள் போடும் மதிப்பெண்ணுக்குத் தயங்கியிருக்க வேண்டாம்.

கேள்விகள் எளியவையாக இருக்கட்டும். போன முறை போனபோது மருத்துவர் இருந்தாரா? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? உட்கார இடம் இருந்ததா? அதே மருத்துவரா, புதியவரா? நீங்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டாரா? என்ன நோய் என்று உங்களுக்குப் புரியும்படி சொன்னாரா? மாத்திரை முழுதாகக் கிடைத்ததா, வெளியில் வாங்கச் சொன்னார்களா? அன்றைய கூலி போனதா? கடைசிக் கேள்வி எந்த நாட்டின் படிவத்திலும் இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமில்லை. நம் படிவத்தில் அது முதலில் இருக்க வேண்டும். இலவச மருத்துவத்துக்கு ஒரு தொழிலாளி கொடுக்கும் விலை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வானகரத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஊராட்சி என்பதால் நலவாழ்வு மையம் கிடைக்காமல் போன அதே ஊருக்கு, ஊராட்சி என்பதாலேயே கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் மக்கள் நேரில் நின்று கேட்கும் இந்த மேடைக்கு மதிப்பு இன்னும் கூடுதல். இந்தப் பகுதி ஊராட்சிகளைப் பெரிய உள்ளாட்சிகளோடு இணைக்கும் பேச்சு நெடுநாளாக இருக்கிறது. இணைந்த பிறகு கிராம சபை இருக்காது. ஆகவே இருக்கும்போதே கேட்க வேண்டும்.

கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் உண்டு. அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி ஒதுக்கீடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் நோயாளர் நலச் சங்கம் இருக்க வேண்டும். இவற்றின் உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன முடிவு எடுத்தார்கள் என்பதைச் சபையில் வாசிக்கச் சொல்லலாம். மேற்சொன்ன எட்டுக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடிக்க அந்தப் பத்தாயிரத்தில் ஒரு சிறு பகுதி போதும். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் மாலை வேளையில் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். இந்தி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளை உடன் அனுப்பினால், பதிவேட்டில் இல்லாத அந்தப் பத்துப் பேர் அறைக்குள்ளும் கேள்வி போகும். வந்த பதில்களைத் தொகுத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.

அதோடு தீர்மானம் ஒன்று. வாரத்தில் ஆறு நாள் மாலை 4 முதல் 8 வரை வானகரத்துக்கு ஒரு மருத்துவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கை விட்டு, இன்றைய மின் இணைப்புகளையும் குடும்ப அட்டைகளையும் வைத்து மக்கள் எண்ணிக்கையை மதிப்பிட்டுப் பணியிடம். வாடகைக்கு வரும் குடும்பம் வந்த மாதமே செவிலியரின் பதிவேட்டில் ஏற ஒரு முறை. மதுரவாயல் பக்கத்து மாநகராட்சிப் பதிவேட்டிலிருந்து இங்கே பெயர் மாற்றித்தர ஓர் ஏற்பாடு. நகல் பூந்தமல்லி சுகாதார மாவட்ட அலுவலகத்துக்கும், திருவள்ளூர் ஆட்சியருக்கும், மதுரவாயல் சட்டமன்ற உறுப்பினருக்கும். மூன்று மாதம் கழித்து அடுத்த சபையில், என்ன நடந்தது என்று வட்டார மருத்துவ அலுவலர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடலாம்.